சுண்ணாம்பும் வாடல் நோயும்: பூஞ்சக் காளான் மண்ணின் காரத்தை அறியும் விதம்

ரஸ்தாளி வாழை பயிரிடும் கிராமங்களில் வாடல் நோயை அறியாதவர் இரார். முதலில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளடித்து, காம்பொடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டினாற்போல் தொங்கும். பின்னர் தண்டின் அடியில் வெடிப்புக் காணும். கிழங்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் செம்பழுப்பு நிறக் கோடுகளும் புள்ளிகளும் தென்படும். இவ்விதம் நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு பெயர்த்தெடுத்து அழித்துவிட்டு, அந்தக் குழியில் ஒன்று அல்லது இரண்டு கிலோ சுண்ணாம்பு இடும்படி சிபாரிசு செய்யப்பட்டு வருகிறது. குடியானவர்களில் சிலர் இதைக் கேட்டுக் குழியோடு நில்லாமல் நிலம் முழுவதும் சுண்ணாம்பைக் கொட்டுகின்றனர். வேறு சிலர் ஒரு முறை இட்டுப் பலன் காணாமல், வீண் செலவென்று கைவிடுகின்றனர். இரு திறத்தாரும் சுண்ணாம்பைக் காளானைக் கொல்லும் நஞ்சு என்றே எண்ணுகின்றனர். குழிக்குள் முதற் சில நாட்களில் அது ஒருவாறு உண்மை. அதற்குப் பின்னும், நிலத்தின் மற்றப் பாகங்களிலும் நடப்பது வேறு விஷயம். மண்ணில் காரம் ஏறுவதைக் காளான் தானே அறிந்துகொண்டு, தன் பிழைப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. அந்த மாறுதல் சில நிலங்களில் பயிருக்கு அனுகூலமாய் முடிகிறது. சில நிலங்களில் முடிவதில்லை. எந்த நிலத்தில் எது நேரும் என்பதை அறிய, காளான் காரத்தை அறியும் முறையைச் சற்றே விளங்கிக்கொள்ளவேண்டும்.

புளிப்பையும் காரத்தையும் அளக்க பி.எச். என்னும் அளவு வழங்குகிறது. 1909-ஆம் வருஷத்தில் டென்மார்க் தேசத்து ஸோரன்ஸன் என்பவர் இதனை ஏற்படுத்தினார். சுத்த ஜலத்தின் எண் 7. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பும், மேலே ஏற ஏறக் காரமும் மிகும். எலுமிச்சம் பழச் சாறு 2-ஐ ஒட்டியும், தெளிந்த சுண்ணாம்பு நீர் 12-க்கு மேலும் இருக்கும். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு என்பதை நினைவில் வைக்கவேண்டும். 6 எண்ணுள்ள மண்ணைவிட 5 எண்ணுள்ள மண் பத்து மடங்கு புளிப்புடையது. நீலகிரி மலை மண்ணில் 5-க்குக் குறைவாகவும் எண் காணப்படுவதுண்டு. கரிசல் மண்ணில் 8-ம் அதற்கு மேலும் சாதாரணம். களர் நிலத்தில் எண் 8.5-க்கு மேற்படும். களரையும் உவரையும் ஒன்றாகவே பேசும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உவர் நிலத்தில் உப்பு மிகுதி. களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு காரத்தை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறானபடியால் இவ்விரண்டையும் பிரித்தறிவது நல்லது.

இனி, காளானுக்கு இந்த எண்ணினால் உண்டாகும் சங்கடத்தைப் பார்ப்போம். ஆடு மாடுகள் தீனியை வயிற்றுக்குள் இட்டுச் செரிக்கின்றன. காளானுக்கு வயிறு இல்லை. நூலிழை போன்ற தன் உடலிலிருந்து செரிப்புப் பொருள்களை வெளியே கசியவிட்டு, அங்கேயே உணவைக் கரைத்து, கரைந்ததை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே மண் எந்த நிலையிலிருக்கிறதோ அந்த நிலையில்தான் அதன் சமையல் நடக்கவேண்டும். புளிப்பில் நன்றாக வேலை செய்யும் செரிப்புப் பொருள் காரத்தில் முடங்கிவிடும். காரத்திற்கு ஏற்றது புளிப்பில் பயன்படாது. இது மட்டுமன்று. காரம் மிகுந்த மண்ணில் இரும்பு, துத்தநாகம் முதலியவை கரையாமல் கட்டுப்பட்டுப் போகும். களராயிருந்தால் சோடியமும் உள்ளே புகும். அதை ஓயாது வெளியே இறைக்கவேண்டும். நன்செய்க்கு ஒரு கலப்பையும் புன்செய்க்கு ஒரு கலப்பையும் வைத்திருக்கும் குடியானவனைப் போல, காளானும் இரண்டுவிதக் கருவிகளைத் தன்னிடம் வைத்திருக்கிறது. பாஸ்பரஸ் சத்தைப் பிரித்தெடுக்க மாத்திரம் புளிப்பில் வேலை செய்யும் பொருள் ஒன்றும், காரத்தில் வேலை செய்யும் பொருள் வேறொன்றும் அதனிடம் உண்டு. இரண்டையும் எப்போதும் செய்துகொண்டிருப்பது சக்தியை வீணாக்குவதாகும். ஆதலால் வெளியே புளிப்பா, காரமா என்று பார்த்து, வேண்டியதை மட்டும் செய்கிறது.

கண்ணும் நாவும் இல்லாத காளான் இதைப் பார்ப்பது எங்ஙனம்? ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் கரு ஒன்றிருக்கிறது. எந்தப் பொருளை எவ்வாறு செய்வது என்னும் குறிப்புகள் அக்கருவில் மரபணுக்களாக அடங்கியிருக்கின்றன. ஒரு வீட்டிலுள்ள எல்லாச் சுவடிகளும் ஒரே வேளையில் பிரிக்கப்படுவதில்லை. அதுபோல மரபணுக்களும் எல்லாம் ஒருங்கே வேலை செய்வதில்லை. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிக்கும் புரதங்கள் தனியே உண்டு. காளான்களில் காரத்தின் சம்பந்தமான தீர்மானத்தைச் செய்யும் புரதத்திற்குப் பாக்-ஸி என்று பெயர்.

இது ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் ஒரு பூஞ்சணத்தில் முதன்முதல் விளங்கிற்று. 1986-ல் காடிக், பிரவுன்லீ, ஆர்ஸ்ட் என்னும் மூவர், வளர்ப்பு நீரின் பி.எச். எண்ணைப் பொறுத்து இக்காளானின் மரபணுக்கள் திறந்து மூடுவதை விவரித்து எழுதினர். அவர்கள் கையாண்ட உபாயம் கவனிக்கத்தக்கது. இயற்கையினின்று பிறழ்ந்த காளான் வகைகளை அவர்கள் ஆராய்ந்தனர். சில வகைகள் காரத்தில் வளர்த்தாலும் புளிப்பில் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடந்தன. வேறு சில, புளிப்பில் வளர்த்தாலும் காரத்தில் இருப்பதாகவே நடந்தன. முதல் வகையில் கெட்டுப்போன மரபணுக்களுக்குப் பால் என்று பெயர். (பசும்பாலுக்கும் இப்பெயருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.) இவற்றில் ஆறு உண்டு. இரண்டாம் வகையில் மாறுதலடைந்திருந்தது பாக்-ஸி மரபணுவே. 1995-ல் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலுமுள்ள ஆராய்ச்சியாளர் சேர்ந்து பாக்-ஸி புரதத்தின் அமைப்பையும் அது வேலை செய்யும் விதத்தையும் வெளியிட்டனர்.

அது வேலை செய்யும் விதம் பின்வருமாறு. பாக்-ஸி புரதம் 674 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. வெளியே புளிப்பாயிருக்கும் வரையில் அது மடக்குக் கத்தி போலத் தன்னைத்தானே மடித்துக்கொண்டு வாளாவிருக்கும். உயிரணுவின் மேல் தோலில், அதை ஏழு முறை ஊடுருவி நிற்கும் பால்-எச் என்னும் புரதம் ஒன்று உண்டு. இதுவே வாயிற்காவலன். வெளியே காரம் ஏறியவுடன் அது உள்ளே இருக்கும் பால்-எப் என்பதற்குச் செய்தி தருகிறது. அதைத் தொடர்ந்து மற்றப் பால் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அவ்விடத்தில் வந்து கூடுகின்றன. அவற்றுள் பால்-பி என்பது வெட்டும் தொழிலுடையது. அது மடிந்து கிடக்கும் பாக்-ஸியின் வாலைத் தறிக்கிறது. ஏறத்தாழ 500 கண்ணிகள் மிஞ்சுகின்றன. மிஞ்சியதை உயிரணுவின் வேறொரு சாதனம் மறுபடி அறுத்து, ஏறத்தாழ 250 கண்ணியுள்ள துண்டாக ஆக்குகிறது. இக்குறுந்துண்டே கருவுக்குள் போய் வேலை செய்வது. மரபணுக்களின் தலைப்பில் ஆறெழுத்துள்ள ஒரு குறி இருக்கிறது. அக்குறியைக் கண்டு பற்றிக்கொண்டு, காரத்திற்குரிய மரபணுக்களைத் திறக்கவும் புளிப்புக்குரிய சிலவற்றை மூடவும் செய்கிறது. பென்ஸிலின் மருந்தை உண்டாக்கும் மரபணு ஒன்றும் இவ்வாறு காரத்தில் திறப்பனவற்றுள் சேர்ந்தது. ரொட்டி செய்ய உதவும் ஈஸ்டிலும், மனிதருக்கு நோய் செய்யும் சில காளான்களிலும் இதே ஏற்பாடு வேறு பெயரோடு காணப்படுவதால், இது காளான் குலத்தில் வெகு பழமையான ஏற்பாடு என்பது தெளிவு.

இப்போது வயலுக்குத் திரும்புவோம். வாழை, பருத்தி, தக்காளி ஆகியவற்றின் வாடல் நோய்க்குக் காரணம் புஸேரியம் ஆக்ஸிஸ்போரம் என்னும் காளான். வாழையைத் தாக்குவது தக்காளியைத் தாக்காது; தக்காளியைத் தாக்குவது பருத்தியைத் தாக்காது; ஆயினும் யாவும் ஒரே ஜாதியின் உட்பிரிவுகளே. 2003-ல் ஸ்பெயின் தேசத்துக் கோர்டோபா நகரின் ஆராய்ச்சியாளர் தக்காளி வாடல் காளானில் பாக்-ஸி மரபணுவைக் கெடுத்துப் பார்த்தனர். காரத்தை உணரமாட்டாத அந்தக் காளான், இயற்கையான காளானைவிடக் கடுமையாகச் செடிகளைத் தாக்கிற்று. அதற்கு மாறாக, பாக்-ஸி எப்போதும் வேலை செய்துகொண்டேயிருக்கும்படி மாற்றப்பட்ட காளானின் கடுமை குறைந்தது. அதாவது, 'இது கார நிலம்' என்னும் செய்தி கருவுக்கு எட்டும்போது, செடியைத் தாக்குவதற்கு வேண்டிய மரபணுக்களில் சில அடைபடுகின்றன. சோடியத்தை வெளியே இறைக்கும் ஏற்றம் போன்ற ஒரு புரதம் அதே வேளையில் மிகுதியாகச் செய்யப்படுகிறது. காளான் சாகவில்லை, கார நிலத்தில் பிழைத்திருக்கும் வேலையில் முனைகிறது.

இதைக் கொண்டு பார்த்தால், அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்து மணற்பாங்கான புளிப்பு நிலங்களில் தக்காளி பயிரிடுவோர் கண்ட பலனுக்கு ஒரு காரணம் விளங்கும். அங்கே சுண்ணாம்பிட்டு மண்ணின் எண்ணை 6.5-க்கும் 7-க்கும் இடையில் ஏற்றி, தழைச்சத்தை நைட்ரேட் உரமாகக் கொடுத்தபோது வாடல் நோய் நன்றாய்க் குறைந்தது. காளானின் உணர்ச்சி ஒன்றே இதற்குக் காரணமென்று சொல்வது மிகையாகும். எண் ஏறும்போது இரும்பும் துத்தநாகமும் மாங்கனீஸும் அருகிப் போகின்றன; அவ்வற்பத்திற்கு மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் காளானோடு போட்டியிடுகின்றன. எல்லாம் சேர்ந்தே பலன் தருகின்றன.

உரத்தின் வகையைப் பற்றி மேலே சொன்னது அற்ப விஷயமன்று. நம்மவர் பெரும்பாலும் தவறும் இடம் இதுவே. வேர்கள் அம்மோனியமாகத் தழைச்சத்தை உறிஞ்சும்போது புளிப்பை வெளியே விடுகின்றன; நைட்ரேட்டாக உறிஞ்சும்போது வேரைச் சுற்றியுள்ள மண்ணின் எண் சற்று ஏறுகிறது. ஆகவே புளிப்பு நிலத்தில் காசு செலவிட்டுச் சுண்ணாம்பிட்ட ஒருவர், பிறகு அம்மோனியம் சல்பேட்டையே வருஷந்தோறும் இட்டு வந்தால், ஒரு கையால் கட்டிய வரப்பை மறு கையால் வெட்டுகிறவராவார். யூரியாவும் மண்ணில் முதலில் அம்மோனியமாகவே மாறுகிறது. வாடல் நோயுள்ள புளிப்பு நிலங்களில் தழைச்சத்தில் ஒரு பாகத்தையாவது கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் போன்ற உரமாகக் கொடுப்பது உசிதம். சுண்ணாம்பையும் அம்மோனிய உரத்தையும் ஒரே நாளில் கலந்து இடுவதோ மகா நஷ்டம். தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகும். மூக்கைத் துளைக்கும் அவ்வாடையே போகும் பணத்தின் வாடையாகும்.

இவ்வளவும் கேட்டபின் சுண்ணாம்பையே பெரிதாக நம்பிவிடக்கூடாது. காளானும் சும்மா இருப்பதில்லை. 2016-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, தக்காளி வாடல் காளான் தானே வேரைச் சுற்றிய மண்ணில் காரத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்பதைக் காட்டிற்று. செடி தன் வளர்ச்சியை ஒழுங்கு செய்வதற்காக உற்பத்தி செய்யும் ஒரு சிறு புரதத்தைப் போலவே காளானும் ஒன்றைச் செய்து வெளியிடுகிறது. செடி அதைத் தன்னுடையதென்றே கருதி ஏமாந்து, வேரைச் சுற்றிலும் எண்ணை ஏற்றிவிடுகிறது. இந்த ஏற்றம் காளானுக்குள் வேறொரு செய்தித் தொடரை முடுக்கி, தாக்கும் வேலையைத் தூண்டுகிறது. இப்போலிப் புரதத்தைச் செய்யமாட்டாத காளான், செடியைத் தாக்குவதில் பின்தங்கிற்று. முன்பு சொன்னதும் இதுவும் முரண்படுவதுபோல் தோன்றலாம். காரத்தை அறியும் வழி காளானுக்கு ஒன்று மட்டுமன்று என்பதே இதற்குச் சமாதானம். பாக்-ஸியின் வழி தாக்குதலைத் தளர்த்த, மற்றொரு வழி அதை முடுக்குகிறது. எது மேலோங்குகிறது என்பது மண்ணையும் பயிரையும் காளானின் உட்பிரிவையும் பொறுத்தது.

இதற்குப் பருத்தியே சாட்சி. அமெரிக்காவில் பருத்தி வாடல் நோய் பெரும்பாலும் புளிப்பான மணற்பாங்கு நிலங்களில், வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவோடு சேர்ந்து வருகிறது. இந்தியாவிலோ, நாட்டுப் பருத்தியைத் தாக்கும் வாடல் காளான் காரம் மிகுந்த கனத்த கரிசல் மண்ணிலேயே செழித்து வளருகிறது. அக்காளானின் உட்பிரிவு வேறு. கார நிலத்தில் வாழ்ந்து பழகியது. சுண்ணாம்புக் கற்கள் உருண்டையாய்க் கிடக்கும் கரிசற் காட்டில், வாடலுக்கு மருந்தென்று மேலும் சுண்ணாம்பு வாங்கிக் கொட்டுவது கடலில் உப்பைக் கரைப்பதற்குச் சமானம். அங்கே நோய் தாங்கும் ரகத்தைத் தேடுவதே வழி. களர் நிலத்திலும் சுண்ணாம்பு உதவாது. அதற்கு வேண்டியது ஜிப்சமும் நல்ல வடிகாலும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் வாழை பயிராகும் பகுதிகளிலேயே களர் நிலமும் இருப்பதால், அங்குள்ளவர் இதை முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். ஏற்கெனவே 8 எண்ணுள்ள மண்ணில் சுண்ணாம்பைப் பரப்பினால், இரும்பும் துத்தநாகமும் கிட்டாமல் வாழையே வெளிறிப் போகும். அந்த வெளிறலை நோய் என்று எண்ணி மறுபடியும் சுண்ணாம்பு இட்டவர்களும் இல்லாமலில்லை.

காரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வித்தையில் மாம்பழத்து ஆந்த்ராக்னோஸ் காளான் கைதேர்ந்தது. பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து, காய் புளிப்பாயிருக்கும் வரையில் வெளியே தெரியாமல் பதுங்கியிருக்கும். காய் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறையும். அவ்வமயம் காளான் அம்மோனியாவைக் கசியவிட்டுச் சுற்றிலுமுள்ள சதையின் எண்ணை ஏற்றுகிறது. இஸ்ரேல் தேசத்தில் அவகாடோ முதலிய பழங்களில் செய்த ஆராய்ச்சிகளில், பழத்தின் சதையைக் கட்டியிருக்கும் பெக்டினைக் கரைக்கும் பொருளொன்றை இக்காளான் 4 எண்ணில் செய்வதில்லை என்றும், 6 எண்ணில் செய்கிறது என்றும் தெரிந்தது. பாக்-ஸி போன்ற புரதத்தை நீக்கிவிட்டால் பழத்தை அழுகச் செய்யும் திறமை பெரிதும் குன்றுகிறது. தோட்டத்தில் பழுதின்றிப் பறித்த காய் மண்டியில் நான்காம் நாள் கரும்புள்ளி விழுந்து போவதன் இரகசியம் இதுவே. வியாபாரி குடியானவனையும், குடியானவன் லாரிக்காரனையும் குறை கூறுவர். நோயோ பூவும் பிஞ்சுமாயிருந்த காலத்திலேயே உட்புகுந்தது. ஆகையால் மருந்து தெளிப்பதானால் அக்காலத்திலேயே தெளிக்கவேண்டும். ஆப்பிளை அழுக்கும் நீலப் பூஞ்சணம் இதற்கு நேர்மாறாக அமிலத்தைச் சுரந்து சதையை இன்னும் புளிப்பாக்கிக்கொள்கிறது. எல்லாக் காளானுக்கும் ஒரே விதி இல்லை என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

குழியில் இடும் சுண்ணாம்பைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு நனைந்தவுடன் 12-க்கு மேற்பட்ட காரத்தைத் தரும். அந்நிலையில் உணர்வதற்கும் மாறுவதற்கும் இடமில்லை. நேரே பட்ட காளானின் இழைகள் வெந்துபோகும். ஆனால் அந்தக் கடுமை நீடிப்பதில்லை. காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவோடு கூடிச் சுண்ணாம்புக் கல்லின் பொருளாகவே அது மறுபடி மாறி, எண் 8-ஐ ஒட்டி வந்து நிற்கும். குழிக்கு வெளியே தடித்த ஓடுடைய வித்துக்களாக உறங்கும் காளானை அது தொடுவதுமில்லை. அவ்வித்துக்கள் வாழையே இல்லாத நிலத்திலும் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். ஆகவே குழிச் சுண்ணாம்பு, நோய் கண்ட இடத்தில் மிஞ்சிய சிதைவுகளைச் சுத்தம் செய்வதற்கு மட்டுமே என்று கொள்ளவேண்டும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் காளானை எருவோடு கலந்து இடுகிறவர்கள், சுண்ணாம்பிட்ட குழியில் அதே சமயத்தில் அதை இடலாகாது. அதுவும் ஒரு காளானே. சுண்ணாம்பு வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை.

நிலத்திற்குச் சுண்ணாம்பு வேண்டுமா என்பதை மண் பரிசோதனையே சொல்லும். வரப்போரம், எருக்குழி, மர நிழல், வாய்க்கால் ஆகிய இடங்களை நீக்கி, ஒரே மாதிரியான நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மேல் குப்பையைத் தள்ளிவிட்டு, ஆங்கில வி எழுத்தைப் போல் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்கவேண்டும். சாதாரணப் பயிருக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். வாழைக்கு 30 சென்டிமீட்டர் வரையில் எடுப்பது நலம். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்படி செய்து, நிழலில் உலர்த்தித் துணிப் பையில் அனுப்பவேண்டும். எண் 6-க்குக் கீழே வந்தால் பரிசோதனை நிலையத்தார் சொல்லும் அளவில் சுண்ணாம்புக் கற்பொடியை நடவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே பரப்பி உழுதுவிடலாம். 7-க்கு மேலானால் குழிக்கன்றி வேறெங்கும் இடவேண்டியதில்லை.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது வேறொன்று. வாடல் காளான் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குப் போவது பெரும்பாலும் கன்று மூலமாகவும், பாய்ச்சல் நீர் மூலமாகவும், மண் ஒட்டிய மண்வெட்டி மூலமாகவுமே. நோய் கண்ட தோட்டத்துக் கன்றை மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கி நடுவது, காளானைக் கூலி கொடுத்து அழைத்து வருவதேயாகும். ஒரு வயல் நீர் மறு வயலுக்குள் வழிந்தோடும் பாய்ச்சலில், மேல் மடைக்காரரின் தோட்டத்தில் நோய் கண்டால் கீழ் மடைக்காரர் எவ்வளவு சுண்ணாம்பிட்டும் பயன் சொற்பமே. அவ்வித மடைகளில் ரஸ்தாளிக்குப் பதிலாக இந்நோயைத் தாங்கும் பூவன் வாழையைச் சில பருவங்கள் பயிரிடும்படியும், நோயுற்ற தோட்டத்திற்குக் கடைசியாக நீர் விடும்படியும், மடையிலுள்ள குடியானவர் யாவரையும் கூட்டி உடன்பாடு செய்து வைப்பது அதிகாரிகளால் எளிதில் ஆகக்கூடிய காரியம். கன்று பெயர்க்கும் பருவத்திற்கு முன்பே இதைச் செய்துவிடவேண்டும்.